எல்லாம் 'சூடு'தானா?

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பொண்ணு வந்து உட்கார்ந்தா, இலையில சாம்பார் விழறதுக்கு முன்னாடியே ஒரு கேள்வி விழும்... "என்ன தாயி, விசேஷம் ஏதும் உண்டா?"

பக்கத்துலயே அவ வீட்டுக்காரரும் உட்கார்ந்திருப்பார். அவர்கிட்ட மழை எப்படின்னு கேட்பாங்க, மக்காச்சோளம் என்ன விலைக்குப் போச்சுன்னு கேட்பாங்க. விசேஷத்தைப் பத்தி மட்டும் மூச்!

ரெண்டு வருஷமாச்சுன்னா அந்தக் கேள்வி நேர்த்திக்கடன், விரதம், மரத்துல தொட்டில்னு வளரும். அஞ்சு வருஷமாச்சுன்னா கேள்வியே நின்னுடும். அவ இல்லாத நேரத்துல வேற ஒரு வார்த்தை நடமாட ஆரம்பிக்கும். அது என்ன வார்த்தைன்னு உங்களுக்கே தெரியும்.

ஃப்ரெண்ட்ஸ், இது கல்யாணத்துக்கு அப்புறம் வர்ற கதைன்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. பல பேருக்கு இதோட முதல் அத்தியாயம் நம்ம வயசுலதான் ஆரம்பிக்குது. ஹாஸ்டல் ரூம்ல, டவுன் பஸ்ல, தீப்பெட்டி ஆபீஸ்ல... அடிவயித்துல விடாம ஒரு வலி. வாடையோட வெள்ளைப்படுதல். சாயங்காலமானா லேசா காய்ச்சல். வீட்டுல சொன்னா உடனே தீர்ப்பு ரெடி: "எல்லாம் சூடு தாயி! இந்த வெயிலுக்கு வராம என்ன செய்யும்? வெந்தயத்தை ஊறவெச்சு முழுங்கு. இளநி குடி." கேஸ் குளோஸ்!

கரிசக்காட்டு வெயிலை யாரும் குறைச்சு மதிக்க முடியாது. கோடையில மண்ணு கால் நுழையற அளவுக்கு வாய் பொளந்து கிடக்கிற பூமி இது. ஆனா, அந்த வலிக்குப் பின்னாடி சில சமயம் ஒரு கிருமி உட்கார்ந்திருக்கும். சீக்கிரம் கண்டுபிடிச்சா மாத்திரையிலயே போயிடும். 'சூடு'ன்னு பேர் வெச்சு வளர விட்டா, பத்து வருஷம் கழிச்சு அந்தப் பந்தியில வந்து கேள்வியா நிக்கும்.

"மெக்கானிக்கல் படிக்கிற உனக்கு இதுல என்ன வேலை?"ன்னு கேட்காதீங்க. மேட்டரே ஒரு குழாய் அடைப்புதான்!

ஒரு சின்னக் குழாய்... பெரிய வேலை!

கர்ப்பப்பையின் ரெண்டு பக்கமும் கை விரிச்ச மாதிரி ரெண்டு கருக்குழாய்கள் இருக்கு. 16-ம் நூற்றாண்டுல இதை விவரிச்ச இத்தாலிக்காரர் கேப்ரியல் ஃபலோப்பியோ பேரால 'ஃபலோப்பியன் டியூப்'னு சொல்றாங்க. நீளம் சுமார் பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டர். கர்ப்பப்பையோட சேர்ற இடத்துல உள்ளே இருக்கிற வழி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். நம்ம மெக்கானிக்கல் பென்சில் லீடு மாதிரின்னு வெச்சுக்குங்க.

இது வெறும் பைப் கிடையாது. உள்சுவர் பூரா கண்ணுக்குத் தெரியாத மெல்லிய முடிகள். கம்மங்காட்டுல காத்தடிச்சா பயிரெல்லாம் ஒரே பக்கமா அலை அலையா சாயுமே, அந்த மாதிரி இந்த முடிகள் அசைஞ்சு அசைஞ்சு கருமுட்டையை மெதுவா கர்ப்பப்பைப் பக்கம் தள்ளும். முட்டையும் உயிரணுவும் சந்திக்கிறதே இந்தக் குழாய்க்குள்ளதான்.

குழாய் முழுசா அடைச்சுக்கிட்டா சந்திப்பே கிடையாது. பாதி அடைச்சா இன்னும் ஆபத்து. கரு உருவாகி, கர்ப்பப்பைக்குப் போக வழி தெரியாம குழாய்லயே தங்கிடும். வெடிச்சா உயிருக்கே உலை வைக்கும்.

உலகத்தோட முதல் டெஸ்ட் டியூப் பேபி லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்துல பிறந்தாங்களே... அவங்க அம்மா லெஸ்லியோட பிரச்னை என்ன தெரியுமா? இதே குழாய் அடைப்புதான். குழாயை ரிப்பேர் பண்ண முடியாம, அதைச் சுத்திப் பைபாஸ் போட்டதுதான் அந்த டெக்னிக். நம்ம பக்கம் அது 1990-ல் வந்துச்சு. தென்னிந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தையைக் கொண்டுவந்தவர் சென்னை டாக்டர் கமலா செல்வராஜ். ஜெமினி கணேசனோட மகள்!

சரி, பைபாஸ் இருக்குதே... அப்புறம் என்ன கவலை? அதுக்கு ஆகிற செலவுதான் கவலை. ரெண்டு ஏக்கர் மானாவாரிக் காட்டை வித்துட்டு சிகிச்சைக்குப் போற குடும்பங்கள் இருக்கிற பூமி இது. அதனால, குழாய் ஏன் அடைக்குதுன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கிறது நல்லது.

சத்தமே போடாத விருந்தாளி

கிளமிடியா, கொனோரியா... இந்த ரெண்டு பேரையும் பாடப் புத்தகத்துல படிச்சிருப்பீங்க. ரெண்டும் பாக்டீரியா. உடலுறவு மூலமா பரவுது. இதுல கிளமிடியா பலே கில்லாடி. தொத்தின பெண்கள்ல பத்துக்கு ஏழு பேருக்கு மேல எந்த அறிகுறியும் காட்டாது. ஆண்கள்லயும் நிறைய பேருக்கு அப்படித்தான். வீட்டுக்காரர் கொண்டு வந்தது, மனைவிக்குத் தெரியாம உள்ளேயே குடித்தனம் நடத்தும்.

கர்ப்பப்பை வாயில ஆரம்பிச்சு மெதுவா மேலே ஏறிக் குழாய் வரைக்கும் போனா, அதைத்தான் டாக்டர்கள் 'பி.ஐ.டி'ன்னு சுருக்கமா சொல்றாங்க. இடுப்புக்குள்ள இருக்கிற இனப்பெருக்க உறுப்புகள்ல வர்ற அழற்சி. சுத்தமில்லாத பிரசவம், யாருக்கும் தெரியக் கூடாதுன்னு தகுதியில்லாத ஆள்கிட்ட போய்ச் செய்யற கருக்கலைப்பு... இதுனாலயும் வரும். இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும். கல்யாணமாகாத பெண்ணுக்கும் பாதுகாப்பான கருக்கலைப்புக்குச் சட்டத்துல உரிமை இருக்குன்னு உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29-ல் தெளிவாவே சொல்லிடுச்சு. பயந்து மறைஞ்சு போய் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்ல.

ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரத்துல 1960-ல் இருந்து 1984 வரைக்கும், இந்த பி.ஐ.டி வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனிச்சாங்க. ஒரு தடவை மட்டும் வந்தவங்கள்ல 8 சதவீதம் பேருக்குக் குழாய் பாதிச்சுக் குழந்தை தங்கல. ரெண்டு தடவை வந்தவங்கள்ல அது கிட்டத்தட்ட 20 சதவீதம். மூணு தடவையோ அதுக்கு மேலயோ வந்தவங்கள்ல 40 சதவீதம். அதாவது, ஒவ்வொரு தடவையும் ஆபத்து ரெண்டு மடங்காகுது. முதல் தடவையிலேயே பிடிச்சுட்டா எவ்வளவு லாபம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க!

தீ அணைஞ்சது... சரக்கு போச்சு!

குழாயைக் கெடுக்கிறது கிருமி மட்டும்தானா? இல்ல, நம்ம சொந்தப் படைக்கும் அதுல பங்கு உண்டு.

தீப்பெட்டி ஆபீஸ்ல ஒரு மூலையில தீப்பொறி விழுந்தா என்ன செய்வாங்க? ஓடி வந்து தண்ணியையும் மண்ணையும் அள்ளிக் கொட்டுவாங்க. தீ அணைஞ்சிடும். ஆனா, பக்கத்துல அடுக்கி வெச்ச நல்ல சரக்கும் ஊறிப் போயிருக்கும். நோய் எதிர்ப்பு சக்தியும் அப்படித்தான். கிருமியை அடிக்கிற வேகத்துல குழாயோட மெல்லிய சுவரும் அடி வாங்குது. காயம் ஆறுது. ஆறின இடத்துல தழும்பு. முழங்கால்ல தழும்பு இருந்தா யாருக்கு என்ன? ஒரு மில்லிமீட்டர் குழாய்க்குள்ள தழும்பு வந்தா வழியே போச்சு. அசையற அந்த முடிகளும் திரும்பி வர்றது கஷ்டம்.

இதுல ஒரு தமாஷ் இருக்கு. நெருக்கடியில மாட்டின கிளமிடியா கிருமி ஒரு புரதத்தை உண்டாக்கும். அதுக்கு விஞ்ஞானிகள் வெச்ச பேர் 'ஹீட் ஷாக் புரோட்டீன் 60'. நம்ம செல்கள்லயும் கிட்டத்தட்ட அதே ஜாடையில ஒரு புரதம் உண்டு. குழாய் அடைச்ச பெண்களோட ரத்தத்துல, இந்தக் கிருமிப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி அதிகமா இருக்கிறதைப் பல ஆய்வுகள்ல பார்த்திருக்காங்க. எதிரியைத் துரத்தும்போது அதே ஜாடையில இருக்கிற நம்ம ஆளையும் படை அடிக்குதோன்னு ஒரு சந்தேகம் உண்டு. ஆக, இந்தக் கதையில உண்மையான 'ஹீட்' இது ஒண்ணுதான். இதுக்கு வெந்தயம் வேலைக்கு ஆகாது!

நல்ல சேதி... கிளமிடியா ஆன்டிபயாடிக் மாத்திரைக்குக் கட்டுப்படும். பெரும்பாலும் ஒரு வாரக் கோர்ஸ்தான். ஒரே கண்டிஷன், ஜோடியும் சேர்ந்து சாப்பிடணும். இல்லாட்டி இவர்கிட்டயிருந்து அவருக்கு, அவர்கிட்டயிருந்து இவருக்குன்னு ஷட்டில் காக் ஆட்டம்தான்.

இருமாத டி.பி!

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம். மேல சொன்ன கதை ஸ்வீடனுக்கும் பொருந்தும், சிங்கப்பூருக்கும் பொருந்தும். இந்தியாவுல குழாய் அடைப்புக்கு இன்னொரு முக்கியமான வில்லன் இருக்கு... காசநோய்!

"டி.பி-ன்னா நுரையீரல்தானே?" அங்கேதான் ஏமாந்து போறோம். மூச்சு வழியா நுரையீரலுக்குள்ள போற கிருமி, ரத்தத்துல ஏறி எலும்புக்குப் போகும், மூளைக்குப் போகும். கருக்குழாய்க்கும் போகும். பெண்ணுறுப்புகள்ல டி.பி வந்தவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேருக்குக் குறையாம குழாய் பாதிக்கப்பட்டிருக்கும். பாதிப் பேருக்குக் கர்ப்பப்பையின் உள்சுவரும் சேர்ந்து பாதிக்கும்.

இருமல் இருக்காது. நெஞ்சு எக்ஸ்ரேயும் பல பேருக்கு நார்மலா வரும். மாதவிடாய் குறையறது, நிக்கிறது, அடிவயித்து வலி, உடம்பு இளைக்கிறது... இதுல ஏதாவது ஒண்ணு இருக்கலாம். எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். 'ஏன் குழந்தை தங்கல?'ன்னு டெஸ்ட் பண்ணப் போற இடத்துலதான் பல பெண்களுக்கு இது முதல் தடவையா தெரிய வருது. உலகத்து காசநோயாளிகள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தர் இந்தியர்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அப்போ, இது யாரோ ஒருத்தருக்கு வர்ற அபூர்வ வியாதியும் கிடையாது.

இங்கே ஒரு பெரிய அநியாயம் நடக்குது. 'அந்த இடத்துல நோய்'னு சொன்ன உடனே, ஊர் அந்தப் பெண்ணோட நடத்தையைத்தான் தராசுல வைக்கும். ஆனா, இந்த டி.பி பெரும்பாலும் உடலுறவால வர்றதே இல்ல. பக்கத்து வீட்டுத் தாத்தா இருமினதோ, பஸ்ல பக்கத்து சீட்டுல இருமினதோ காரணமா இருக்கலாம். சின்ன வயசுல உள்ளே போன கிருமி, உடம்பு சோர்ந்த நேரம் பார்த்து முழிச்சுக்கும். அவ்வளவுதான்.

டி.பி-க்கும் பயத்துக்கும் நம்ம தமிழ்நாட்டுல ஒரு பழைய கணக்கு இருக்கு. மெட்ராஸ்ல எலெக்ட்ரிக் டிரெய்ன்ல போனவங்களுக்குத் 'தாம்பரம் சானடோரியம்' ஸ்டேஷன் தெரியும். டி.பி வந்தவங்களை ஊரை விட்டு, வீட்டை விட்டு மாசக்கணக்கா தங்க வெச்ச ஆஸ்பத்திரியால வந்த பேர் அது. 1956-ல் மெட்ராஸ்ல ஒரு ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க. ஒரு பகுதி நோயாளிகளுக்கு சானடோரியத்துல மருந்து. இன்னொரு பகுதிக்கு வீட்டுலயே, அதே நெரிசலான குடிசையில, அதே மருந்து. 1959-ல் ரிசல்ட் வந்துச்சு. வீட்டுல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானாங்க! அவங்களால குடும்பத்துல மத்தவங்களுக்கு நோய் கூடுதலா தொத்தவும் இல்ல. மருந்து ஆரம்பிச்சா கிருமி அடங்கிடும், ஆளை ஒதுக்கத் தேவையில்லன்னு உலகத்துக்கே சொன்னது நம்ம மெட்ராஸ். அந்த மையம்தான் இன்னிக்கு சென்னை சேத்துப்பட்டுல இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அறுபது வருஷத்துக்கு மேலாச்சு. ஆனா டி.பி-ன்னு பேர் வந்தாலே வரன் தட்டிப்போகுமேன்னு பொண்ணோட ரிப்போர்ட்டை ஒளிச்சு வைக்கிற வீடுகள் இன்னிக்கும் இருக்கு. ஒளிச்சு வைக்கிற ஒவ்வொரு மாசமும் குழாய்க்குள்ள தழும்பு ஏறிக்கிட்டே போகும்.

சிகிச்சை என்ன? வழக்கமா ஆறு மாசம் மாத்திரை. முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து, அடுத்த நாலு மாசம் மூணு மருந்து. அரசு ஆஸ்பத்திரியில பரிசோதனை, மருந்து ரெண்டும் இலவசம். சத்தான சாப்பாட்டுக்குன்னு மத்திய அரசு 2018 ஏப்ரல்ல இருந்து மாசம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பர்ல இருந்து அது 1,000 ரூபாய். ஒண்ணை மட்டும் மறைக்காமச் சொல்லணும். மருந்து கிருமியைக் கொல்லும். ஏற்கெனவே விழுந்த தழும்பை அழிக்காது. அதனாலதான் 'சீக்கிரம்'ங்கிற வார்த்தையை இந்தக் கட்டுரை திரும்பத் திரும்பச் சொல்லுது.

சொந்தப் படையே தடுக்குமா?

கிருமியே இல்லாம, நோய் எதிர்ப்பு சக்தியே குழந்தையைத் தடுக்குமா? சூப்பர் கேள்வி. 1953-லேயே இங்கிலாந்து விஞ்ஞானி பீட்டர் மெடவார் இதைத் திருப்பிப் போட்டுக் கேட்டார். 'குழந்தையில பாதி அப்பாவோடது. அம்மா உடம்புக்கு அது அந்நியம். கிட்னி மாத்தினா எதிர்க்கிற உடம்பு, குழந்தையை மட்டும் ஏன் எதிர்க்கல?' அதுக்கு முழு விடையை இன்னும் தேடிக்கிட்டே இருக்காங்க.

எதிர்க்க வைக்க முடியுமான்னு நம்ம நாட்டுலயே சோதிச்சுப் பார்த்திருக்காங்க. டெல்லி தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனத்தோட முதல் இயக்குநர் ஜி.பி.தல்வார், கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கிற 'ஹெச்.சி.ஜி' ஹார்மோனுக்கு எதிரா ஒரு தடுப்பூசி தயாரிச்சார். ஏற்கெனவே குழந்தை பெற்ற, 'இனி வேணாம்'னு சொன்ன 148 பெண்கள்கிட்ட நடந்த சோதனை 1994-ல் வெளியாச்சு. ஆன்டிபாடி போதுமான அளவு இருந்த 1,224 மாதச் சுழற்சிகள்ல ஒரே ஒரு கர்ப்பம்தான். ஆன்டிபாடி இறங்கினதும் கருத்தரிக்கிற திறன் திரும்பிடுச்சு. அந்தத் தடுப்பூசி இன்னும் கடைக்கு வரல. ஆனா, நோய் எதிர்ப்பு சக்தியால கர்ப்பத்தைத் தடுக்க முடியும்கிறது நிரூபணமாச்சு.

இது மாதிரி அரைகுறைச் செய்தியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் புரளியும் வளருது. 'கொரோனா ஊசி போட்டா குழந்தை பிறக்காது'ன்னு 2020 டிசம்பர்ல ஒண்ணு கிளம்பி நம்ம குடும்ப வாட்ஸ்-அப் வரைக்கும் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அப்புறம் நடந்த ஆய்வுகள்ல ஊசி போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் கருத்தரிக்கிறதுல வித்தியாசம் இல்லன்னு தெரிஞ்சது.

அப்போ நிஜமாவே பார்க்க வேண்டிய நோய் எதிர்ப்புப் பிரச்னை என்னென்ன?

ஒண்ணு, தைராய்டு. சொந்தப் படையே தைராய்டு சுரப்பியைத் தாக்கினா ஹார்மோன் குறையும், மாதவிடாய் தடுமாறும். ஒரு ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சிடும், மாத்திரையில சரிக்கட்டலாம்.

ரெண்டு, 'ஆன்டி பாஸ்போலிப்பிட்' பிரச்னை. லண்டன் டாக்டர் கிரஹாம் ஹியூஸ் 1983-ல் விவரிச்சது. இதுல கரு தங்கும், ஆனா திரும்பத் திரும்பக் கலைஞ்சிடும். ரத்தம் உறையற கோளாறு. குறைஞ்சது 12 வாரம் இடைவெளி விட்டு ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணி உறுதி செய்யணும். 1997-ல் லண்டன்ல வெளியான ஒரு ஆய்வுல, ஆஸ்பிரின் மட்டும் சாப்பிட்டவங்கள்ல 42 சதவீதம் பேர் குழந்தை பெத்தாங்க. கூடவே ஹெபாரின் ஊசியும் போட்டவங்கள்ல 71 சதவீதம்! 'செய்வினை'ன்னு மந்திரிக்கப் போற பணத்துல பாதி போதும், டெஸ்ட் பண்ணிடலாம்.

மூணு, அபூர்வமா சில பேருக்குப் படை சினைப்பையையே தாக்கி, நாற்பது வயசுக்குள்ள மாதவிடாயை நிறுத்திடும். இதுக்கு சீக்கிரமே ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கணும்.

பில்லைப் பார்த்து ஏமாறாதீங்க

உங்க அக்காவோ மதினியோ கையில ஃபைலோட ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி இறங்கறாங்கன்னா, அந்த ஃபைலைப் படிச்சுச் சொல்ற ஆள் பெரும்பாலும் வீட்டுல காலேஜ் படிக்கிற நீங்கதான். அதனால இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமா படிங்க.

'டார்ச்' டெஸ்ட்: ரெண்டு, மூணு தடவை கரு கலைஞ்சா உடனே எழுதிக் கொடுக்கிற ரத்தப் பரிசோதனை. பழைய தொற்று ஒண்ணு எப்பவோ வந்து போனதைத்தான் இது பெரும்பாலும் காட்டும். திரும்பத் திரும்பக் கலையறதுக்கு இது காரணம்னு எடுத்துக்க முடியாது.

ரத்தத்துல ஆன்டிபாடி பார்த்து டி.பி-ன்னு சொல்ற டெஸ்ட்: தப்பான ரிசல்ட் நிறைய வருதுன்னு இந்திய அரசு 2012 ஜூன்லயே தடை செஞ்சாச்சு. இப்போ கர்ப்பப்பை உள்சுவர்ல இருந்து துளி சதை எடுத்து, திசுப் பரிசோதனை, கிருமி வளர்ப்பு, ஜீன் எக்ஸ்பர்ட் மாதிரி சோதனைகள் செய்றாங்க. தேவைப்பட்டா லேப்ராஸ்கோப்பி. ஒரே ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வெச்சு ஆறு மாச மருந்து எழுதினா, 'வேற எதுவும் பார்க்கணுமா டாக்டர்?'னு கேக்கறதுல தப்பே இல்ல.

'என்.கே செல்' டெஸ்ட், 'இம்யூன்' பேக்கேஜ்: பேரு ஜோரா இருக்கும், பில்லும் ஜோரா இருக்கும். ரத்தத்துல இந்த செல்லை எண்ணிப் பார்க்கிறதையும், அதுக்காக ஏத்தற இன்ட்ராலிப்பிட் திரவத்தையும் ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2023-ல் பரிந்துரைக்க மறுத்துடுச்சு.

கணவரோட வெள்ளை அணுக்களை மனைவிக்கு ஊசி போடறது: ஒரு காலத்துல அமெரிக்காவுலயே செஞ்சாங்க. 1999-ல் முறையா சோதிச்சுப் பார்த்தா, பலனே இல்ல. கரு கலையறதுதான் கூடியிருந்துச்சு. 2002-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆராய்ச்சிக்கு வெளியே இதைச் செய்யக் கூடாதுன்னு சொல்லிடுச்சு.

எது நார்மல்... எது இல்ல?

தெளிவா, முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி, வாடை இல்லாம வர்ற வெள்ளைப்படுதல் நார்மல். மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவுல கொஞ்சம் கூடும். அது சூடும் இல்ல, நோயும் இல்ல. உடம்பு உருகி வெளியேறதுன்னு பயப்படவும் வேணாம்.

தயிர் திரிஞ்ச மாதிரி, கடுமையான அரிப்போட வந்தா பூஞ்சைத் தொற்றா இருக்கலாம். மருந்துக்கு அடங்கும். அது குழாயை அடைக்காது.

மீன் வாடை, மஞ்சள் அல்லது பச்சை நிறம், அடிவயித்து வலி, காய்ச்சல், மாதவிடாய்க்கு நடுவுல ரத்தம், உடலுறவுக்கு அப்புறம் ரத்தம் அல்லது வலி... இதுல எது இருந்தாலும் டாக்டர்தான். மாதவிடாய் திடீர்னு ரொம்பக் குறைஞ்சு போனாலும், குடும்பத்துல யாருக்காவது டி.பி இருந்து உங்களுக்கு எடை குறைஞ்சாலும் அப்படியே.

சோப்பு, டெட்டால் போட்டு உள்ளே கழுவறதை இன்னிக்கே நிறுத்துங்க. அங்கே குடியிருக்கிற நல்ல பாக்டீரியாக்களை அது துரத்திடும்.

அப்புறம் அந்தத் துணி. நம்மூர்ல தண்ணிக்குப் பஞ்சம் வரலாம், வெயிலுக்குப் பஞ்சம் வருமா? வத்தல் காயுது, உளுந்து காயுது, கம்பு காயுது. மாதவிடாய்த் துணிக்கு மட்டும் வெயில் கிடையாது! பாவாடைக்கு அடியில, பாத்ரூம் மூலையில ஈரத்தோட ஒளிஞ்சு கிடக்கும். வீட்டுக்குள்ள காயவெச்சு, கழிப்பறையில ஒளிச்சு வைக்கிற துணியைப் பயன்படுத்தினவங்களுக்குப் பூஞ்சைத் தொற்று அதிகம்னு ஒடிசாவுல நடந்த ஒரு ஆய்வு 2018-ல் சொல்லுச்சு. துணி தப்பே இல்ல. சோப்புப் போட்டு அலசி, மொட்டை மாடி வெயில்ல நல்லா காயப் போட்டா போதும். கிருமிக்கு எதிரா நம்மூர் சூடு உதவற இடம் அதுதான்!

பசங்களா, நீங்களும்தான்!

"இது லேடீஸ் மேட்டர்"னு இவ்வளவு நேரம் ஓரமா படிச்சுக்கிட்டிருந்த பசங்களுக்கு ஒரு கணக்கு. உலகத்துல ஆறு பேர்ல ஒருத்தர் வாழ்க்கையில ஏதோ ஒரு கட்டத்துல குழந்தையின்மையைச் சந்திக்கறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லுச்சு. அப்படிப்பட்ட ஜோடிகள்ல ஏறக்குறைய பாதியில ஆண் பக்கமும் காரணம் இருக்கு.

ஒரு வருஷம் முயற்சி செஞ்சும் கரு தங்கலைன்னா டாக்டரைப் பார்க்கலாம். பெண்ணுக்கு 35 வயசுக்கு மேலன்னா ஆறு மாசத்துலயே. பொண்ணுக்கு ஸ்கேன், குழாய்க்குள்ள மருந்து செலுத்தி எக்ஸ்ரே, அப்புறம் லேப்ராஸ்கோப்பின்னு வரிசையா கஷ்டம். ஆணுக்கு? ஒரு சின்ன பாட்டில், ஒரு விந்துப் பரிசோதனை. வலி கிடையாது, செலவும் கம்மி. அதை முதல்ல செய்யாம பொண்ணை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இழுக்கிறது எந்த ஊர் நியாயம்?

கல்யாணத்துக்கு முன்னாடியோ பின்னாடியோ, சிறுநீர் போகும்போது எரிச்சல், சீழ் மாதிரி கசிவு இருந்தா மருந்துக் கடையில நீங்களே மாத்திரை வாங்கிப் போடாதீங்க. பாதி கோர்ஸ் சாப்பிட்டா கிருமி பாதிதான் சாகும். ஆணுறை பிள்ளை பிறக்கிறதைத் தள்ளிப்போட மட்டும் இல்ல. பின்னாடி பிள்ளை பிறக்கிறதைக் காப்பாத்தவும்தான்.

எங்கே போறது?

கோவில்பட்டியிலேயே அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கு. பெரிய பரிசோதனைன்னா தூத்துக்குடி மெடிக்கல் காலேஜ், இல்ல பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. போகறதுக்கு முன்னாடி சந்தேகம் கேக்கணும்னா 104-க்கு போன் போடுங்க. டி.பி-க்குன்னு தனியா 1800-11-6666 இருக்கு, காசு கிடையாது. பெண்களுக்குத் தனியா போகத் தயக்கமா இருந்தா ஒரு தோழியைக் கூட்டிட்டுப் போங்க. தோழி கூப்பிட்டா நீங்க போங்க. செமஸ்டர் லீவு வரைக்கும் தள்ளிப்போட வேணாம்.

விளாத்திகுளம் பஸ்ல, சாத்தூர் பஸ்ல நமக்குப் பக்கத்து சீட்டுல உட்கார்ந்து வர்ற பொண்ணுகள்ல நிறைய பேர் பத்தாவதோட படிப்பை நிறுத்திட்டுத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போறவங்க. இந்தப் பக்கம் அவங்க கைக்குப் போகாமலே இருக்கலாம். படிச்சு முடிச்சதும் மடிச்சு வெச்சுடாம, ரெண்டு வார்த்தை அவங்ககிட்டயும் சொல்லுங்க: "எக்கா, அது சூடு இல்லாம இருக்கலாம். ஒரு நடை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க. வேணும்னா நானும் கூட வர்றேன்."